மடித்து வைத்த நாலு வரி

இந்த மார்க்கெட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. முட்டைக்கோஸ் விற்கிறவள் ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னால் என்ன பெயர் வரும்? 'கோஸ் டாக்டர்'. எதிர்க்கடை பூட்டுக்காரர் கிண்டலுக்கு வைத்தது. நானோ படித்துப் பட்டம் வாங்கினவள் மாதிரி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். இப்போது யாராவது "டாக்டரம்மா, கோஸ் எப்படி?" என்று கேட்டால் தராசைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறேன். கேட்டவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இதை உங்களிடம் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் இத்தனையும் ஆனது. அதனால் சொல்லியே தீருகிறேன்.

என் கடை கொட்டகைக்குள் மூன்றாவது வரிசையில், எப்போதும் ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். தக்காளி, வெங்காயம் என்று எல்லோரும் விற்பதை நான் தொட்டதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, முள்ளங்கி, நூல்கோல், டர்னிப். இவ்வளவுதான். இதெல்லாம் ஒரே குடும்பம் என்பதே எனக்குப் பல வருஷம் தெரியாது.

காய் கட்டிக் கொடுக்க வாங்கும் பழைய பேப்பர் கட்டில் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் அரைப் பக்கக் கட்டுரை கிடைத்தது. இந்தச் செடிகள் பூத்தால் பூவுக்கு நாலே இதழ், சிலுவை மாதிரி எதிரெதிராக நிற்குமாம். கடுகுகூட இவற்றுக்குச் சொந்தமாம். நார்ச்சத்து வயிற்றைச் சீராக வைக்கும். வைட்டமின்கள் ஏராளம். வேகும்போது மூக்கைப் பிடிக்க வைக்கிற அந்த வாடை, உடம்புக்கு நல்லது செய்கிற கந்தகச் சத்தினுடையது. வாரம் தவறாமல் இவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோயும் சில வகைப் புற்றுநோயும் குறைவாக வருவதாக ஆராய்ச்சிகளில் தெரிகிறது. நறுக்கிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சமைத்தால் பலன் கூடும். குழைய வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் பாதி சத்து சாக்கடைக்குப் போகும். கரும்பச்சை இலைகளில் சத்து இன்னும் அதிகம். இப்படிப் போயிற்று கட்டுரை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடிப்பாவி, இருபது வருஷமாக அந்தக் கரும்பச்சை வெளி இலைகளை அல்லவா கிழித்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்!

அன்றிலிருந்து யார் வந்தாலும் எடைக்கு முன்னால் பிரசங்கம்தான்.

"எங்க வீட்டுல கோஸ்னாலே வாடைன்னு மூஞ்சைத் திருப்புறாங்கம்மா" என்பாள் ஒருத்தி.

"திருப்பட்டும். மருந்துன்னா வாடை அடிக்கத்தான் செய்யும். நறுக்கி வச்சிட்டு ஒரு சீரியல் பாத்துட்டு வந்து அடுப்புல ஏத்து. மூடி போட்டு அஞ்சே நிமிஷம். குழைய விட்டேன்னு மட்டும் என்கிட்ட வந்து நிக்காத!"

சிரித்துக்கொண்டே கூட ஒன்று வாங்கிப் போவாள். கட்டுரையைக் கடையிலேயே மாட்டி வைத்தால் என்ன என்று தோன்றியது. அதற்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. மார்க்கெட் வரிசையின் கோடியில் படங்களுக்கு பிரேம் போடும் கடை வைத்திருப்பது என் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்கு இன்னும் நான் 'பாப்பா'தான்.

கையில் இருந்த பிரேமுக்குள் பேப்பர் அடங்கவில்லை. கீழே நாலு வரி மிஞ்சியது.

"வெட்டி எறிண்ணா" என்றேன்.

"வெட்டுறதா? யாரு எதக் குடுத்தாலும் நாங்க கத்திரி வைக்க மாட்டோம் பாப்பா. பின்னாடி மடிச்சுதான் வைப்போம். நாளைக்கே வேணும்னு வந்து நின்னா?" என்றார். அது அவர் தொழிலில் பழக்கம். பிறகு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "இந்த நாலு வரியில என்ன போட்டிருக்குன்னு பாத்தியா? இல்ல கொஞ்சம் பெரிய பிரேமாவே போட்டுடவா?" என்றார்.

எட்டிப் பார்த்தேன். 'மருத்துவரின் ஆலோசனை' என்ற இரண்டு வார்த்தை கண்ணில் பட்டது. அதற்கு மேல் படிக்கவில்லை.

"எல்லாத்துக்கும் கடைசியில ஒட்டுற வால்தான் அது. அதப் படிச்சா வாங்க வர்றவங்களும் பயந்துப்பாங்க. மடிச்சிடு" என்றேன். அவர் மடித்தார். பின்பலகை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். தராசுக்கு மேலே மாட்டினேன்.

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரை அது. இளக்கம் சரியாக இருக்கிறதா என்று அவ்வப்போது ரத்தம் எடுத்து ஓர் எண் சொல்வார்கள். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டும். கூடினால் அடிபட்ட இடத்தில் நிற்காமல் ஓடும். கண்ணாடி வெட்டிப் பிழைக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு மாத்திரை. அதனால் கையுறை இல்லாமல் கண்ணாடியைத் தொட அண்ணி விடுவதில்லை.

அண்ணி ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருக்கிறார். மாத்திரை, சாப்பாடு, ரத்தத்தின் எண், எல்லாம் தேதி போட்டு அதில் ஏறும். கோஸும் கீரையும் சாப்பிடலாம், ஆனால் தினமும் ஒரே அளவு, கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அதற்கென்றே ஒரு சின்னக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர்கள் வீட்டில் சாப்பிட்டபோது அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி காலிஃபிளவர் வைத்தேன். அண்ணி அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

"கிண்ணம் முடிஞ்சிடுச்சு" என்றார், அவ்வளவுதான்.

என் முகம் சுண்டிப்போனது. ஊருக்கே காய் கொடுக்கிற என் கையால் என் அண்ணனுக்கு ஒரு கரண்டி வைக்க எனக்கு உரிமை இல்லையா? இதயத்துக்கு நல்லது என்று பேப்பரிலேயே போட்டிருக்கிறான், இவர் என்னவோ சொத்தை எழுதி வைப்பது போல நோட்டில் எழுதுகிறாரே! அந்தக் கோபத்தை மென்று விழுங்கிக்கொண்டு வந்தேன். விழுங்கினது செரிக்கவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு ஒரு மிக்சி கொண்டு வந்தேன். கோஸின் வெளி இலை, காலிஃபிளவர் இலை, முள்ளங்கி இலை, புரோக்கோலித் தண்டு எல்லாவற்றையும் கழுவி அரைத்து வடிகட்டினால் ஒரு பெரிய டம்ளர் கரும்பச்சைச் சாறு. காலை ஏழரைக்கு அண்ணன் கடை திறக்கப் போகும் வழியில் என் கடை. டம்ளரை நீட்டினேன்.

"என்ன பாப்பா இது, குளத்துத் தண்ணியா?"

"குடிச்சிட்டுப் பேசு. நெஞ்சுக்கு இதவிட மருந்து கிடையாது."

கொஞ்சம் தயங்கினார். "உங்க அண்ணி..."

"அவங்ககிட்ட யாரு சொல்லப் போறா? உன் தங்கச்சி விஷமா குடுப்பா?"

இந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். மறுநாளும் குடித்தார். ஞாயிறு தவிர ஒரு நாள் விடாமல் முப்பத்தொன்பது டம்ளர். காலி டம்ளரைக் கழுவும்போதெல்லாம் அண்ணியை ஜெயித்துவிட்டதாக எனக்குள் ஒரு சிரிப்பு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பூட்டுக்கடைக்காரர் ஓடி வந்தார். "உங்க அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு!" போய்ப் பார்த்தால் அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், சுத்தியல் கீழே கிடக்கிறது. வலது கை தொங்குகிறது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறி எச்சில்தான் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் கை அசைந்தது, பேச்சும் தெளிந்தது. தலைக்குப் போகும் ரத்தத்தில் ஒரு சின்னக் கட்டி அடைத்து, நல்ல வேளையாகக் கரைந்துவிட்டது என்றார்கள். ரத்தத்தின் எண் ஒன்று புள்ளி மூன்று.

டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று நோட்டைப் புரட்டினார். வயதானவர், குரல் உயர்த்தாத மனுஷர்.

"ஏழு வருஷமா சீரா இருந்தது, இப்படி இறங்க ஏதாவது காரணம் இருக்கணும். மாத்திரை விட்டுப்போச்சா?"

"ஒரு வேளைகூட இல்ல டாக்டர்" என்றார் அண்ணி.

"சாப்பாட்டுல மாற்றம்? கீரை, கோஸ், ஏதாவது சாறு, சத்து மாவு?"

"இல்ல டாக்டர். எல்லாம் இதுல எழுதியிருக்கேன். அதே கிண்ணம்தான்."

நான் கட்டிலின் மறுபக்கம் அண்ணனின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் என்னையே பார்த்தார். எனக்கு எல்லாம் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஒரு வரியில் முடிகிற விஷயம். ஆனால் அண்ணி எதிரில் நிற்கிறார். அந்தக் கிண்ணத்தைக் கேலி செய்த வாய் இது. மார்க்கெட்டே டாக்டர் என்று கூப்பிடுகிற வாய். திறக்கவில்லை. அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறார் என்று நினைத்து, மனதுக்குள் அவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றினார். இரண்டு நாள் வைத்திருந்து, எண் நல்லபடி ஏறுகிறது, அடுத்த வாரம் வந்து ரத்தம் கொடுங்கள் என்று அனுப்பினார். நான் மிக்சியைச் சாக்குக்குள் சுருட்டி வைத்தேன். சாற்றை நிறுத்திவிட்டோம், இனிமேல் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாமலே போகட்டும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை. மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் குடியிருக்கும் நர்ஸ் காலிஃபிளவர் வாங்க வந்தார். வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை. நான் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ரத்தம் இளக மாத்திரை சாப்பிடுறார். தினமும் கோஸ் இலைச் சாறு குடிச்சிருக்கார். எண் எறங்கிப்போய் மாத்திரைய ஏத்திட்டாங்க. இப்ப சாற நிறுத்தியாச்சு. சரியாயிடும்ல?"

பூவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "சாறு குடிச்சது டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்னங்க இது! அந்த இலையில வைட்டமின் கே நிறைய. ரத்தத்த உறைய வைக்கிற சத்து அது. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, சாறு எதிர்ப்பக்கம் இழுத்திருக்கு. அது தெரியாமதான் மாத்திரைய ஏத்தியிருக்காங்க. இப்ப எதிர்ப்பக்கம் இழுக்க ஆளே இல்ல, மாத்திரை மட்டும் அதே வேகத்துல இழுக்குது. எண் கண்டபடி ஏறிடும். சின்னதா வெட்டுப்பட்டாலே போதும். உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சாலும் தெரியாது. உடனே சொல்லச் சொல்லுங்க. என்ன வேலை பாக்கிறார்?"

"கண்ணாடி வெட்டுறவர்" என்றேன்.

அவர் காலிஃபிளவரைத் தட்டில் வைத்துவிட்டார். "போங்க" என்றார். என்னைத்தான் சொன்னார்.

கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடினேன். வரிசையின் கோடிக்கு நாற்பது கடை. பிரேம் கடையில் அண்ணன் மேசையில் கண்ணாடித் தகடை விரித்து அளவுகோல் வைத்துக்கொண்டிருந்தார். கையுறை போட்டிருந்தார். அதற்கு மேலே, முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறத்தில் கன்றியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவரைத் தனியே விடாத அண்ணி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"எங்கயும் இடிச்சுக்கலங்கிறார். அப்புறம் எப்படி இப்படிக் கன்னிப்போகும்?" என்றார் என்னிடம்.

"அண்ணா, அந்தக் கண்ணாடியைக் கீழ வை" என்று கத்தினேன். "இன்னைக்கே போய் ரத்தம் பாருங்க அண்ணி. இப்பவே."

"நாளான்னைக்குத்தானே வரச் சொல்லியிருக்காங்க. ஏன்?"

அப்போதும் ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'சும்மா, மனசுக்குச் சரியாப் படல' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தக் கன்றிய இடத்தைப் பார்த்தேன்.

"நான்தான் அண்ணி. தினமும் காலையில கோஸ் இலைய அரைச்சுச் சாறு குடுத்தேன். உங்களுக்குத் தெரியாம. ஒன்றரை மாசமா. அதனாலதான் அவருக்கு அப்படி ஆச்சு. டாக்டர் கேட்டப்பவும் நான் சொல்லல. இப்ப சாற நிறுத்திட்டேன், அதனால மாத்திரை அதிகமாயிடுச்சு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அண்ணி நோட்டின் பழைய பக்கங்களைத் திருப்பினார். 'அதே கிண்ணம், அதே கிண்ணம்' என்று வரிசையாக எழுதியிருந்ததை விரலால் தடவினார். பிறகு கடையின் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். வண்டியில் போகும்போது அந்த நோட்டையும் பேனாவையும் என் மடியில் வைத்தார்.

"எழுது. என்னைக்கு, எவ்வளவுன்னு."

வண்டி குலுங்கக் குலுங்க எழுதினேன். அவர் எழுதியிருந்த ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் 'ஒரு டம்ளர்' என்று என் கோணல் எழுத்து. முப்பத்தொன்பது தடவை. அண்ணன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

எண் ஆறு புள்ளி எட்டு. டாக்டர் மாத்திரையை நிறுத்திவைத்து, படுக்க வைத்து, தலையில் கசிவு இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தார். இல்லை. பிறகுதான் நோட்டைப் படித்தார். எல்லா வரியையும் படித்தார்.

"கோஸ் நல்ல காய்தாம்மா" என்றார். "இவரும் சாப்பிடலாம். தினமும் இவ்வளவு சாப்பிடுறார்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி மாத்திரை குடுத்திருப்பேன். எனக்குத் தெரியாமப் போனதுதான் ஆபத்து." நோட்டை மூடினார். "அன்னைக்கு நான் கேட்டப்ப நீங்க இங்கதானே நின்னீங்க? கையில செருப்பு வச்சிருந்தீங்க."

"ஆமா டாக்டர்" என்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு வாரத்தில் எண் பழைய இடத்துக்கு வந்தது. அண்ணன் மறுபடி கடை திறந்தார். அண்ணி என்னோடு பேசாமல் இல்லை. நோட்டில் 'பாப்பா கொடுத்தது' என்று ஒரு பத்தி புதிதாகப் போட்டிருக்கிறார். தினமும் சாயங்காலம் கடைக்கு வந்து, "இன்னைக்கு என்ன குடுத்த?" என்று கேட்பார். "ஒண்ணும் இல்ல அண்ணி" என்பேன். என் எதிரிலேயே அதை எழுதிக்கொண்டு போவார். எதிர்க்கடைப் பூட்டுக்காரருக்குக்கூட அது கேட்கும். கேட்கட்டும்.

போன வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அண்ணன் கையில் ஒரு பெரிய பிரேமோடு வந்தார். தராசுக்கு மேலிருந்த பழையதைக் கழற்றி, குறடால் பின் ஆணிகளைப் பிடுங்கினார். மடிந்திருந்த காகிதத்தை ஈரத் துணியால் தடவி நிமிர்த்தி என் முன்னால் வைத்தார். மூன்று வருஷம் வெளிச்சம் படாததால் அந்த நாலு வரி மட்டும் பழுக்காமல் வெள்ளையாக இருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் காய்களின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, மருத்துவரின் ஆலோசனை அவசியம் என்று இருந்தது.

"நான் இத அப்பவே படிச்சிட்டேன் பாப்பா" என்றார், புது பிரேமில் பேப்பரைப் பொருத்திக்கொண்டே.

"படிச்சியா? பின்ன ஏண்ணா குடிச்ச?"

"ஒரு டம்ளர்ல என்ன ஆயிடப்போகுதுன்னு இருந்துட்டேன். நீ அவ்வளவு ஆசையா நீட்டுற. வேணாம்னு எப்படிச் சொல்றது?"

"சரி, ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? என்னைக் காட்டிக்குடுக்க வேணாம்னுதானே வாய மூடிட்டிருந்த?"

அவர் வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்தார்.

"இல்ல. நீ சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றார். அப்புறம் ஆணியை வைத்து அடித்தார்.